வண்டலூரில் பாதியாக வந்த திறன்

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரித்த 'ஸ்டாண்டர்ட் 2000' கார் 1985-இல் சந்தைக்கு வந்து 1988-க்குள் நின்றுபோனது. பழைய என்ஜினைப் போட்டதுதான் அதைக் கெடுத்தது என்று பலரும் சொல்வார்கள். அது பாதிக் காரணம். அதிவேகக் காரின் உடல், என்ஜின், கியர் எல்லாமே ஒரே கணக்கில் பிறப்பவை. அந்தக் கணக்கை விட்டுவிட்டு உடலை மட்டும் கொண்டுவந்ததில்தான் தவறு தொடங்குகிறது.

அந்த உடல் 1976-இல் இங்கிலாந்தில் அறிமுகமான ரோவர் எஸ்டி1 காருடையது. ஃபெராரி டேடோனாவின் சாயலோடு அதை வரைந்தவர் டேவிட் பாஷ். அதன் 3.5 லிட்டர் வி8 என்ஜினுக்கு 155 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 200 கி.மீ. அளவில். 1982-இல் வந்த அதன் வேக வகையான விட்டெஸ் 190 குதிரைத்திறன் கொண்டது. வண்டலூர் கார் வெளியான அதே 1985-இல், டாம் வாக்கின்ஷா அணியின் விட்டெஸ் கார்கள் ஐரோப்பிய டூரிங் பந்தயங்களில் வென்றுகொண்டிருந்தன. இங்கே அதே கூட்டுக்குள் வைத்ததோ ஸ்டாண்டர்டின் பழைய வான்கார்ட் கார் வழிவந்த 1991 சிசி என்ஜின். சுமார் 83 குதிரைத்திறன்.

திறன் ஏறக்குறைய பாதியானால் வேகமும் பாதியாகிவிடாது. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்பெருக்கமாக ஏறுகிறது. வேகம் இரட்டிக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். சோழவரம் ஓடுதளப் பந்தயங்களில் ஃபியட் ஓட்டியவர்களுக்கு இது கையால் தெரிந்த பாடம். சிலிண்டர் ஹெட்டைச் சீவி, போர்ட்டைத் தேய்த்து, கார்புரேட்டரை மாற்றி, 40 குதிரைத்திறனை இரட்டிப்பாக்கினாலும் அந்தப் பெட்டி வடிவக் காருக்கு உச்ச வேகத்தில் கால் பங்குதான் கூடும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஸ்டாண்டர்ட் 2000 மணிக்கு 160 கி.மீ. பக்கம் போயிருக்க வேண்டும். அதையும் அது எட்டவில்லை. நம் சாலைகளுக்காகக் காரைத் தூக்கிக் கட்டியதால் அடியில் புகும் காற்று கூடியது. இழுக்க வேண்டிய எடையோ 1,300 கிலோ அளவு. உச்ச வேகத்துக்கு முன்பே, ஒவ்வொரு முந்துதலிலும் அந்தச் சுமை தெரிந்துவிடும்.

ரோவரே 1982-இல் இதே உடலில் 2 லிட்டர் காரை விற்றதே என்று கேட்கலாம். விற்றது, ஆனால் அது சுமார் 100 குதிரைத்திறன் தந்த, அந்தக் காலத்து ஓ-சீரிஸ் என்ஜின். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வண்டலூர் வாசலிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் போகும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை அன்று மாட்டுவண்டியும் லாரியும் பங்கிட்ட இருவழிச் சாலை. அங்கே 200 கி.மீ. வேகம் யாருக்கு வேண்டும்? பெட்ரோல் விலையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் வேறு. உண்மைதான். ஆனால் இந்த வாதம் வி8 இல்லாததை மட்டும் நியாயப்படுத்துகிறது. அந்தச் சாலைக்கு அவ்வளவு பெரிய உடலைத் தேர்ந்ததை நியாயப்படுத்தவில்லை. அதே 1985-இல் பம்பாயில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் 124-இன் எடை குறைந்த உடலில் நிசானின் 1171 சிசி, 52 குதிரைத்திறன் என்ஜினைப் பொருத்தி 118என்ஈ காரைக் கொண்டுவந்தது. 83 குதிரைத்திறன் வண்டலூரில் மூன்று ஆண்டுதான் தாங்கியது. இந்த 52 குதிரைத்திறன் தொண்ணூறுகளிலும் விற்றுக்கொண்டிருந்தது.