அலமாரித் தட்டின் கதை

போன வருடம் எங்கள் பெரும்பாக்கம் வீட்டில் நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு அலமாரி செய்தோம். எம்டிஎஃப் பலகைதான். புத்தகம் அடுக்கிய நடுத்தட்டு ஆறே மாதத்தில் தூளி மாதிரி தொங்கிவிட்டது. "மரத்துல பண்ணியிருந்தா இப்படி ஆகுமா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தேடப் போனதில் வந்தது இந்தக் கட்டுரை.

நண்பர்களே, அலமாரி என்ற சொல்லே நம்முடையது இல்லை. மேசை, சாவி, ஜன்னல் போல அதுவும் போர்த்துக்கீசியர் கொடுத்தது. நமக்கு இருந்தவை பரண், உறி, மாடக்குழி, மரப்பெட்டி. பிறகு சுவரில் பதித்த கடப்பா கல் தட்டுகள் வந்தன. அது ஊறாது, கரையான் அரிக்காது. ஆனால் வீடு கட்டும்போதே வைத்தால்தான் உண்டு.

மரத்துக்கு வருவோம். நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகளில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995-ல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. அங்கீகரித்த திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என்றது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதும் நின்றது. தேக்கு எட்டாத விலைக்குப் போக இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பலகைத் தொழில் தோட்ட மரங்களின் பக்கம் திரும்பியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மரத்தை நாராக்கி அழுத்தும் யோசனை பழையது. 1924-ல் அமெரிக்காவில் வில்லியம் மேசன் மரக்கழிவை நீராவியால் வெடிக்கவைத்து ஹார்ட்போர்டு செய்தார். அதே நாட்டில் 1960களில் எம்டிஎஃப் வந்தது. நமக்குப் பக்கத்திலேயே ஸ்ரீகாளஹஸ்தி அருகே 2018-ல் ஒரு பெரிய ஆலை தொடங்கியது. தைலமரம், சவுக்கு மாதிரி மரங்களை அரைத்து, பசை கலந்து, சூட்டில் அழுத்துகிறார்கள்.

இங்கேதான் அம்மாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தேக்கில் நார் நீளமாக ஓடுகிறது. எம்டிஎஃப்பில் எல்லாம் துண்டு துண்டு. விறைப்பு தேக்கில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பாரம் நாள்பட நாள்பட இன்னும் வளையும். நாங்கள் போட்டது 12 மி.மீ., நீளம் மூன்று அடி. தப்பு எங்களுடையது! 18 மி.மீ. போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கும் மேல். நடுவில் ஒரு தடுப்பு வைத்து நீளத்தைப் பாதியாக்கினால் தொங்கல் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். முன்விளிம்பில் ஒரு மர ரீப்பர் ஒட்டினால் இன்னும் நல்லது. திருகுக்கு முதலில் சின்னத் துளை போடவேண்டும், இல்லையென்றால் விளிம்பு பிளந்துவிடும்.

தண்ணீர்தான் மோசமான எதிரி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை மறக்க முடியுமா? 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து இங்கே குடியேற்றப்பட்டவர்கள் ஏராளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இங்கேயும் தண்ணீர் தேங்கியது. தரைத்தளத்தில் இருந்த ஒரு அக்கா வீட்டு டிவி ஸ்டாண்ட் ரொட்டி போல உப்பிவிட்டது. காய்ந்தபிறகும் பழைய நிலைக்கு வரவில்லை. அதற்கு அவர்கள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அலமாரியைப் பிரித்து மறுபடி செய்துவிட்டோம். 18 மி.மீ., நடுத்தடுப்பு, ரீப்பர், வெட்டிய விளிம்பெல்லாம் இரண்டு கோட்டிங் பெயின்ட். அரிசி மூட்டை வைக்கும் அடித்தட்டு மட்டும், இரண்டு வரிசைச் செங்கல் மேல் ஏற்றிய கடப்பா கல். அது அம்மாவின் யோசனை :)