அணி நலக்கருவிகளின் நம்பகத்தன்மை

அணி நலக்கருவிகளின் நம்பகத்தன்மை என்பது கைக்கடிகாரம் போன்ற கருவிகளில் இயங்கும் செயற்கை நுண்ணறிவு முதலிய கணிநிரல்கள் நோய் அறிகுறியை எந்த அளவு சரியாகக் கண்டறிகின்றன என்பதைக் குறிக்கும். நோயுள்ளவரைத் தவறவிடாமை, நோயற்றவரை எச்சரிக்காமை ஆகிய இரண்டையும் கொண்டு இது மதிப்பிடப்படுகிறது.

ஆப்பிள் இதய ஆய்வு

2017 நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய இவ்வாய்வில் 4,19,297 பேர் பங்கேற்றனர். அவர்களுள் 2,161 பேருக்குக் கடிகாரம் ஒழுங்கற்ற நாடித்துடிப்பு எச்சரிக்கை தந்தது. பின்னர் இ.சி.ஜி. ஒட்டுப்பட்டை அணிந்து ஆராயப்பட்ட 450 பேருள் 34% பேருக்கே இதய மேலறை நடுக்கம் பதிவானது. ஆயினும், பட்டை அணிந்திருந்தபோது மீண்டும் எச்சரிக்கை பெற்றவர்களுள் 84% பேருக்கு அந்நேரமே நடுக்கம் உறுதியானது. இந்நோய் விட்டுவிட்டு வரக்கூடியது என்பது இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகும்.

வரம்பு

எச்சரிக்கை பெறாதோருக்குப் பட்டை வழங்கப்படவில்லை. ஆதலால் கடிகாரம் தவறவிட்ட நோயாளிகளின் எண்ணிக்கையை இவ்வாய்வு அளவிடவில்லை. எச்சரிக்கை வராமையை நலச்சான்றாகக் கொள்ளலாகாது.