எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து ‘தோட்டத் துரை’ வேடம் வரை: நடிகர் ஜான் ஹன்னா

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் ‘துரை’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கு ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்தி, கன்று நட்டு, கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சொல்லோடுதான் வாழ்ந்தன. ‘தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்’ (2019) படத்தில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட உரிமையாளர் மேக்னஸாக நடித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஹன்னா. நிஜ வாழ்வில் அவர் தொழிலாளி வீட்டுப் பிள்ளை.

தொடக்கம்

1962 ஏப்ரல் 23ஆம் நாள், கிளாஸ்கோ அருகிலுள்ள ஈஸ்ட் கில்பிரைடில் பிறந்தார். தந்தை தொழிற்கருவிகள் செய்பவர். தாய் துப்புரவுப் பணியாளர். பள்ளிப் படிப்பை முடித்த ஹன்னா, நான்கு ஆண்டுகள் எலக்ட்ரீஷியன் வேலை பழகினார். அப்போது உள்ளூர் நாடகக் குழுவில் சேர்ந்தது அவர் பாதையை மாற்றியது. கிளாஸ்கோவிலுள்ள ராயல் ஸ்காட்டிஷ் இசை, நாடகக் கழகத்தில் பயின்று முழுநேர நடிகரானார்.

திருப்புமுனை

பல ஆண்டுகள் மேடையிலும் தொலைக்காட்சியின் சிறு வேடங்களிலும் கழிந்தன. 1994இல் வெளிவந்த ‘ஃபோர் வெடிங்ஸ் அண்ட் எ ஃபியூனரல்’ அவரை உலகறியச் செய்தது. துணையை இழந்தவராக, இறுதிச் சடங்கில் ஆடனின் கவிதையை அவர் படிக்கும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா விருதுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

அடுத்து ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ (1998), ‘தி மம்மி’ (1999) ஆகியவை வந்தன. 1998இல் கிளார்க்கன்வெல் ஃபிலிம்ஸ் நிறுவனத்தை இணைந்து தொடங்கி, அதன் ‘ரீபஸ்’ தொடரில் துப்பறிவாளராக நடித்தார். ‘ஸ்பார்டகஸ்’ தொடரில் (2010) அடிமை வீரர்களை வைத்திருக்கும் பாட்டியாட்டஸ் வேடம் அவருக்குப் புதிய ரசிகர்களைத் தேடித்தந்தது.

கேமரன் மலைக் கதை

பினாங்கில் பிறந்த தான் துவான் எங்கின் நாவலைத் தழுவியது ‘ஈவினிங் மிஸ்ட்ஸ்’. அந்நாவல் 2012 புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. தைவானின் டாம் லின் இயக்கிய படம் கோல்டன் ஹார்ஸ் விருதுகளில் ஒன்பது பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, ஒப்பனை, ஆடை வடிவமைப்புக்கான விருதை வென்றது. போருக்குப் பிந்தைய அவசரகாலத்தில் நடக்கும் இக்கதையின் நடுவே இருப்பவர்கள் சீனப் பெண்ணும் ஜப்பானியத் தோட்டக் கலைஞரும்தான். கொழுந்து பறித்தவர்களின் கதையை மையமாகக் கொண்ட படத்துக்கு இன்னும் இடமிருக்கிறது.

2023இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரின் தொடக்கக் காட்சியில் நோய்த்தொற்று அறிவியலாளராகச் சில நிமிடங்களே வந்தார் ஹன்னா. தொடர் முழுவதற்குமான அச்சத்தை விதைக்க அந்த நிமிடங்களே போதுமாக இருந்தன.