புனைவின் மறைவில் ஒரு தன்வரலாறு

மனம் பிறழ்ந்தவரைக் 'காத்துக் கருப்பு அடித்தவர்' என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஆமத்தூர்ப் பக்கத்தில் உண்டு. அப்பேச்சு வாசலைத் தாண்டினால் அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைவது அரிது. இத்தகைய சமூகத்தில் தன்வரலாறு எழுதுவோர் மனநோயை மட்டும் விட்டுவிட்டு எழுதுவதில் வியப்பில்லை.

1995இல் அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், எக்களிப்பும் சோர்வும் மாறிமாறி வருத்தும் தம் இருமுனை மனநிலைக் கோளாற்றைத் தம் பெயரிலேயே எழுதினார். லித்தியம் மருந்தை ஏற்கத் தயங்கிய காலத்தையும் அவர் ஒளிக்கவில்லை.

அதற்கு மூன்றாண்டு முன்பே, 1992இல், கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவல் வெளிவந்தது. அவரை வருத்தியது வேறு. காதுக்குள் ஓயாது ஒலித்த குரல்கள். அனுபவம் அவருடையது, பெயர் மட்டும் மகாலிங்கம். வந்தது நோயா, தெய்வச் சோதனையா என்ற கேள்வியோடு அந்நூல் போராடுகிறது. 1993இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது.

ஆகவே தமிழில் மனநோயின் தன்வரலாற்றைத் தேடுவோர் புனைவுகளின் அடுக்கிலும் தேட வேண்டும். சொந்தப் பெயரில் எழுதும் துணிவை எழுத்தாளரிடம் மட்டும் கேட்பது நியாயமன்று. வாசிக்கும் நாமும் வரன் பார்க்கும் வீட்டார்தாமே.