கருமுட்டை எடுத்தபின் வயிறு உப்புதா? அருவிக் குளியல் இப்போ வேண்டாம்!

கருமுட்டை எடுத்துட்டு தென்காசி வந்தாச்சு, குற்றாலத்துல சீசன் வேற... ஒரு குளியல் போடலாமேன்னு தோணும். இப்போ வேண்டாம். ஊசிகளால் சினைப்பை வீங்கியிருக்கும். அருவி அடிக்கிற வேகம் அதற்கு ஆகாது. சிலருக்கு ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். பி.சி.ஓ.எஸ் இருந்தால் வாய்ப்பு அதிகம்.

தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோ ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ டாக்டருக்கு உடனே போன் போடுங்க. மூச்சு வாங்கினால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் 108 தான். சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரி மதுரையில இருக்குன்னு விடியும்வரை காத்திருக்காதீங்க. தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போய், முட்டை எடுத்ததை முதலில் சொல்லுங்க.

நீர் இறங்க நீங்களாகவே மாத்திரை வாங்காதீங்க. வயிற்றில் நீர் தேங்கினாலும் ரத்தத்தில் அது குறைந்துதான் இருக்கும். தாகத்துக்குக் குடிங்க. வலிக்கு பாராசிட்டமால் போதும், இப்யூபுரூஃபன் கூடாது. கர்ப்பம் தரிக்காதவர்களுக்குப் பெரும்பாலும் 7-10 நாளில் வடிந்துவிடும்.