பணிமூப்பும் பறக்காத நாட்களும்

வேலை குறையும்போது விமானியைச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பிப் பின்னர் திரும்ப அழைக்கும் அமெரிக்க வழக்கம், 1931இல் தோன்றிய விமானிகள் சங்கம் போற்றிக் காத்த பணிமூப்புப் பட்டியலை ஒட்டியே நடந்துவருகிறது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேற, அவர்களுள் மூத்தவரே முதலில் திரும்புவார்.

இந்தியாவிலோ, தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்ந்த பிரிவுகள், ‘லே-ஆஃப்’ எனப்படும் தற்காலிக வேலை மறுப்புக்கான பாதி ஊதிய ஈட்டை ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றோடு நிறுத்தியதால், இடுக்கித் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு ஏட்டளவிலேனும் இருந்த உரிமை விமானிக்கு ஏட்டிலும் இல்லை.

2019இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகளின் சங்கமான நேஷனல் ஏவியேட்டர்ஸ் கில்டு, சம்பள நிலுவைக்காக அறிவித்த பறப்பு மறுப்பை, நிறுவனம் பிழைக்கட்டும் என்று இருமுறை தள்ளிவைத்தது. அந்தப் பொறுமை வீணானது பெருந்துயரம்: ஏப்ரல் 17 அன்று விமானங்கள் நின்றபின், வேறு நிறுவனத்தில் சேர்ந்தவரின் பழைய பணிமூப்பு அவரோடு செல்லவில்லை.