எழுபத்தைந்து ஆண்டுகள் முதலிடம் வகித்த எண்

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றிலும் பெரிய எண்களே முதன்மை எண்கள் எனப்படுகின்றன. இவற்றுக்கு முடிவில்லை என்பதை கி.மு. 300 அளவில் யூக்கிளிட் நிறுவிவிட்டார். ஆயினும், குறித்ததொரு பெரிய எண் முதன்மை எண்தான் என ஐயந்திரிபற நிறுவுவது வேறு விடயம். அம்முயற்சியின் வரலாற்றில் 39 இலக்கங்களைக் கொண்ட ஓர் எண் தனியிடம் வகிக்கின்றது. 2 இன் 127 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழிக்கப் பெறப்படும் 170141183460469231731687303715884105727 என்பதே அவ்வெண்ணாகும்.

இவ்வகை எண்கள் பிரெஞ்சுத் துறவியான மரின் மேர்சென்னின் பெயரால் அழைக்கப்படுகின்றன. சுட்டி முதன்மை எண்ணாக இருந்தாலன்றி இவை முதன்மை எண்களாகா. ஆனால் அது மாத்திரம் போதுமானதன்று. சுட்டி 11 ஆகும்போது கிடைக்கும் 2047 என்பது 23, 89 ஆகியவற்றின் பெருக்கமாகும். 1644 இல் மேர்சென் வெளியிட்ட, 257 வரையான சுட்டிகளுக்குரிய பட்டியலில் 127 சரியாகவே இடம்பெற்றது. எனினும் 67, 257 என்பன தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தன. 61, 89, 107 என்பன விடுபட்டிருந்தன. அறிஞர் கூற்றேயாயினும் நிறுவல் இன்றேல் அது ஊகமே.

இந்த 39 இலக்க எண்ணின் வர்க்கமூலமே 20 இலக்கங்களைக் கொண்டது. ஆகவே ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. வகுக்காமலே விடைகாணும் வழியொன்றைக் கண்டறிந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார்ட் லூக்காஸ், 1876 இல் இதனை முதன்மை எண்ணென நிறுவினார். 1930 களில் அமெரிக்கரான லேமர் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். 4 இல் தொடங்கி, வர்க்கித்து 2 ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அம்மீதியைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். 31 ஐச் சோதித்தால் 4, 14, 8, 0 என வரும். இறுதியில் பூச்சியம் வருவதால் 31 முதன்மை எண்ணாகும். சுட்டி 127 ஆயின் இத்தகைய படிகள் 125 போதும்.

சுட்டி 67 க்குரிய எண் முதன்மை எண்ணன்று என்பதையும் லூக்காஸ் காட்டினார். ஆனால் அதன் காரணிகளை அவரது முறை புலப்படுத்தவில்லை. 193707721, 761838257287 என்னும் அக்காரணிகளை 1903 இல் அமெரிக்கரான பிராங்க் கோல் வெளியிட்டார். முதன்மை எண்ணா எனச் சோதிப்பது எளிது. காரணிகளைக் காண்பது அரிது. 1977 இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறையின் பாதுகாப்பு இவ்வேறுபாட்டின் மீதே எழுப்பப்பட்டது.

1951 இல் ஃபெரியே என்பவர் கைக்கணிப்பு இயந்திரத்தின் துணையுடன் 44 இலக்க முதன்மை எண்ணொன்றைக் கண்டறியும்வரை, லூக்காஸின் எண்ணே அறியப்பட்டவற்றுள் மிகப்பெரிய முதன்மை எண்ணாக விளங்கியது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணனி 79 இலக்கங்களை எட்டியது. 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண்ணோ 41,024,320 இலக்கங்களைக் கொண்டது. அதனை உறுதிப்படுத்தவும் லூக்காஸ்-லேமர் சோதனையே பயன்பட்டமை குறிப்பிடத்தக்கது.

லூக்காஸின் காலத்தில் கணனியும் இருக்கவில்லை. இணையவழிக் கொடுக்கல் வாங்கலும் இருக்கவில்லை. உடனடிப் பயனை மாத்திரமே அளவுகோலாகக் கொண்டிருந்தால் அவரது உழைப்பு வீணெனவே கருதப்பட்டிருக்கும். எந்தக் கல்வி பயனுள்ளது என்று தீர்ப்பளிக்க முற்படுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.